எழுதுகிற கருவியும் கட்டுகிற கருவியும்: ஓர் அரை நூற்றாண்டுப் பேச்சுவார்த்தை

கணினி வரலாறு எண்டு தொடங்கினால் பெரும்பாலும் ஆட்களின் கதைதான் வரும். கராஜுக்குள் கொம்பனி தொடங்கின ஒருவர், படிப்பை இடையில் விட்டுவிட்டுக் கோடீஸ்வரனான இன்னொருவர். நாங்கள் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போவது அப்படியான கதை அல்ல. இரண்டு கருவிகளுக்கு நடுவில் இருந்த ஓர் இடைவெளியின் வரலாறு. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு வேலையைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது, அதை யார் யாருக்குச் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் யார் நட்டப்படுகிறார்கள் என்பது வரலாறு படிக்கிறவர்களின் கேள்வியும்தானே.

முதலில் கருவிகளை அறிமுகப்படுத்திவிடுகிறோம். நிரல் எழுதுகிற இடத்துக்கு எடிட்டர் என்று பெயர். எழுதிய நிரல் அப்படியே ஓடாது. பெரிய மென்பொருள் ஒன்றில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். எதை முதலில் கொம்பைல் பண்ணுவது, எதை எதோடு சேர்ப்பது, எந்த நூலகம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்து, எல்லாவற்றையும் கோத்து ஓடக்கூடிய ஒன்றாக்குவதற்கு ஒரு கருவி வேண்டும். அதுதான் பில்ட் கருவி. ஒன்று எழுதுகிறது, மற்றது கட்டுகிறது. இரண்டும் ஒரே நிரலில்தான் வேலை செய்கின்றன. ஆனாலும் நீண்டகாலமாக ஒன்றுக்கொன்று முகம் தெரியாத ஆட்களாகவே இருந்தன.

இந்தப் பிரச்சினையை நிரல் பழகுகிற எல்லாரும் ஒருநாள் சந்திக்கிறார்கள். எடிட்டரில் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு, பிழை, பிழை என்று கத்தும். ஆனால் நிரல் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். எடிட்டருக்குத் தெரியாத ஏதோவொன்று பில்ட் கருவிக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

1976: மூன்று கருவிகள், மூன்று உலகங்கள்

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பெல் ஆய்வுகூடம். யுனிக்ஸ் பிறந்த வீடு. 1976இல் ஒருநாள் அங்கே வேலை செய்த ஸ்டீவ் ஜோன்சன், ஸ்டுவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குத் திட்டிக்கொண்டே வந்தார். நிரலில் இருந்த பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பைத் திரும்பக் கொம்பைல் பண்ணவில்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய நிரல். இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுக்க வீணாகிப் போய்விட்டது. ஃபெல்ட்மனுக்கும் முதல்நாள் மாலை கிட்டத்தட்ட இதே அனுபவம். அந்த வார இறுதியிலேயே அவர் ஒரு சின்னக் கருவியை எழுதினார். பெயர் மேக்.

மேக்கின் யோசனை எளிமையானது. எந்தக் கோப்பு எந்தக் கோப்பை நம்பியிருக்கிறது என்று மேக்ஃபைல் என்ற ஒரு கோப்பில் எழுதி வைக்கவேண்டும். மேக் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். மூலம் புதிது, அதிலிருந்து உண்டானது பழையது என்றால் திரும்பக் கட்டும். இல்லாவிட்டால் தொடாது. நிரலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மேக்குக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. அதற்குத் தெரிந்தவை நேரமும் உறவுமுறையும்தான்.

அந்த மேக்ஃபைலில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டளை வரி ஒவ்வொன்றும் டாப் எழுத்தோடு தொடங்கவேண்டும். கண்ணுக்கு ஒரேமாதிரித் தெரிந்தாலும் வெறும் இடைவெளி போட்டால் வேலை செய்யாது. இது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே விளங்கிவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டசின் பேரளவில் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குக் கரைச்சல் கொடுக்க விரும்பாமல் அப்படியே விட்டார். அந்த ஒரு டசின் பேருக்காக விட்டது, பிறகு வந்த இலட்சக்கணக்கானவர்களின் தலையில் விழுந்தது. 2000ஆம் ஆண்டளவில் ஜாவா உலகத்துக்கென்று ஆன்ட் என்ற பில்ட் கருவி வந்தபோது, அதை எழுதியவரை எரிச்சலூட்டிய விடயங்களில் ஒன்று இந்த டாப் பிரச்சினைதான். சின்ன முடிவுகள் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அதே 1976இல் மசாசூசெட்ஸில், எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில், ரிச்சர்ட் ஸ்டோல்மனும் சக ஆட்களும் ஈமாக்ஸ் என்ற எடிட்டரைத் தொடங்கினார்கள். அதே காலத்தில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர் பிறகு விஐ என்று பெயர்பெற்ற எடிட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார். மூன்று ஊர்கள், மூன்று கருவிகள். மேக்குக்கு எடிட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எடிட்டருக்குக் கோப்பு என்பது வெறும் எழுத்துகளின் வரிசை.

பிழைச் செய்தியே பாலம்

முதல் பாலத்தை யாரும் திட்டம்போட்டுக் கட்டவில்லை. நிரலில் பிழை இருந்தால் கொம்பைலர் ஒரு வரி அச்சிடும்: இன்ன கோப்பு, இத்தனையாவது வரி, இன்ன பிழை. இது மனிதர் வாசிப்பதற்காக எழுதப்பட்டது. இதையே எடிட்டரும் வாசித்தால் என்ன?

1980களில் வந்த குனூ ஈமாக்ஸில் இதற்கொரு கட்டளை இருந்தது. எடிட்டருக்குள் இருந்தபடியே மேக்கை ஓடவிடலாம். அது கக்குகிற செய்திகளில் கோப்பின் பெயரையும் வரி இலக்கத்தையும் ஈமாக்ஸ் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்த பிழை, அடுத்த பிழை என்று ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போகும். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991இல் அமிகா கணினிக்காக வெளியிட்ட விம் எடிட்டரிலும் இதே வசதி குவிக்ஃபிக்ஸ் என்ற பெயரில் வந்து சேர்ந்தது. அந்தப் பெயர்கூட அமிகாவில் இருந்த அஸ்டெக் சி என்ற கொம்பைலரிடமிருந்து எடுத்தது.

இந்தப் பாலத்தில் போகலாம், ஆனால் ஆடும். ஒவ்வொரு கொம்பைலரும் தன்பாட்டுக்கு ஒவ்வொரு வடிவத்தில் செய்தி அச்சிடும். அதனால் விம்மில் அந்த வடிவங்களை விவரிப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்கு அது மந்திரம் எழுதின தகடு மாதிரித்தான் தெரியும். கொம்பைலரின் அடுத்த பதிப்பில் ஒரு சொல் மாறினால் பாலம் உடைந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, கட்டி முடிந்த பிறகுதான் எடிட்டருக்கு ஏதாவது தெரியவரும். எழுதிக்கொண்டிருக்கும்போது அது குருடு.

எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள் வைத்தால்?

1983 நவம்பரில் போர்லண்ட் என்ற கொம்பனி டேர்போ பஸ்கால் என்ற ஒன்றை 49.95 டொலருக்கு விற்கத் தொடங்கியது. கொம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டொலருக்குப் போன காலம் அது. அதன் கொம்பைலரை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த அண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். எடிட்டரும் கொம்பைலரும் சேர்ந்து ஒரே நிரலாக 40 கிலோபைட்டுக்கும் குறைவான இடத்துக்குள் அடங்கியிருந்தன. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரியது.

இங்கே பாலமே தேவையில்லை. கொம்பைல் பண்ணி, பிழை வந்தால் அது இருக்கிற இடத்திலேயே எடிட்டர் திறக்கும். எழுதுகிறவரும் கட்டுகிறவரும் ஒரே வீட்டில் இருப்பதால் செய்தி அனுப்பவேண்டிய அவசியமே இல்லை. விசுவல் ஸ்டூடியோ, எக்லிப்ஸ் போன்ற பெரிய கருவிகள் பிறகு இந்த வழியில்தான் வந்தன.

வசதிக்கு ஒரு விலை இருந்தது. அந்த வீட்டுக்குள் இருக்கிறவரை எல்லாம் சுகம். வேறு எடிட்டர் பாவிக்க விரும்பினால் வெளியே நிற்கவேண்டியதுதான். அடுத்தது, பெரிய திட்டங்களில் உண்மை இரண்டாகப் பிரிந்தது. எக்லிப்ஸ் ஜாவாவுக்குத் தன் சொந்தக் கொம்பைலரை வைத்திருந்தது, எந்த நூலகம் எங்கே என்பதைத் தன் சொந்தக் கோப்பில் எழுதிவைத்தது. ஆனால் மென்பொருளை வெளியிடுவதற்குக் கட்டுவது ஆன்ட், பிறகு மேவன். ஒரே திட்டத்தைப் பற்றி இரண்டு கணக்குப் புத்தகங்கள். ஒன்றில் ஒரு நூலகத்தைச் சேர்த்துவிட்டு மற்றதில் சேர்க்க மறந்தால், "என்ர மெஷினில ஓடுதே" என்ற புகழ்பெற்ற வாக்கியம் பிறக்கும்.

இதற்கு ஒரு பதில் மருத்துவ ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியில், மருத்துவப் படங்களை ஆராய்வதற்கான ஐ.ரி.கே. என்ற மென்பொருளை எழுதினார்கள். அது யுனிக்ஸிலும் ஓடவேண்டும், விண்டோஸிலும் ஓடவேண்டும். அதற்காகக் கிட்வெயார் கொம்பனி 2000ஆம் ஆண்டளவில் சிமேக்கை உருவாக்கியது. திட்டத்தின் விபரத்தை ஒரேயொரு இடத்தில் எழுது, அதிலிருந்து யுனிக்ஸ்காரருக்கு மேக்ஃபைலும் விசுவல் ஸ்டூடியோகாரருக்கு அவர்களின் திட்டக் கோப்பும் நான் உண்டாக்கித் தருகிறேன் என்பதுதான் சிமேக்கின் வழி. உண்மை ஒன்று, அதன் பிரதிகள் பல. நல்ல யோசனை. ஆனாலும் சிமேக் அறிந்து வைத்திருக்கிற எடிட்டர்களுக்கு மட்டும்தான் இந்த வரம் கிடைத்தது.

எடிட்டருக்கு ஏன் கட்டுகிறவரின் அறிவு வேண்டும்?

சி, சி++ மொழிகளில் ஒரு கோப்பைத் தனியாக எடுத்து வாசித்தால் அர்த்தம் முழுசாக விளங்காது. அந்தக் கோப்பு வேறு கோப்புகளை உள்ளே இழுக்கும். அவை எந்த அடைவில் கிடக்கின்றன என்பது கொம்பைலருக்குக் கொடுக்கிற கட்டளையில்தான் இருக்கும். சில வரிகள் விண்டோஸில் மட்டும் உயிர்பெறும், சில லினக்ஸில் மட்டும். எது உயிரோடு இருக்கிறது என்பதையும் அந்தக் கட்டளைதான் முடிவுசெய்யும். அந்தக் கட்டளையோ பில்ட் கருவியின் பொக்கெட்டுக்குள். எடிட்டர் என்ன செய்யும்? ஊகிக்கும். ஊகம் பிழைத்தால் சிவப்புக் கோடு.

இன்னொரு தடையும் இருந்தது, அது தொழில்நுட்பத் தடை அல்ல. சுதந்திர மென்பொருள் உலகின் கொம்பைலரான ஜி.சி.சி., நிரலை எப்படி விளங்கிக்கொண்டது என்பதை வெளியே முழுசாகக் கொடுக்காத மாதிரி வைக்கப்பட்டிருந்தது. கொடுத்தால் தனியார் கொம்பனிகள் அதை எடுத்துத் தங்கள் மூடிய கருவிகளுக்குப் பாவித்துவிடும், பயனர்களின் சுதந்திரம் போய்விடும் என்பது ஸ்டோல்மனின் பயம். 2007இல் அப்பிள் கொம்பனி கிளாங் என்ற புதிய கொம்பைலரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. எந்தக் கருவியும் உள்ளே எடுத்துப் பாவிக்கக்கூடிய நூலகமாகவே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. எடிட்டர்கள் அந்தப் பக்கம் போயின. 2014, 2015 காலத்தில் ஈமாக்ஸை வளர்க்கிற ஆட்களே, ஜி.சி.சி. அந்த விபரத்தைத் தந்தால் எங்கள் எடிட்டரும் முன்னேறுமே என்று வாதாடினார்கள். ஸ்டோல்மன் தயங்கினார். அவரின் பயம் அர்த்தமில்லாதது என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் சுதந்திரத்தைக் காப்பதற்காகப் பூட்டிய கதவுக்கு வெளியே அவரின் சொந்த எடிட்டரும் நின்றது என்பதையும் மறைக்க முடியாது.

கிளாங் உலகம் கண்டுபிடித்த தீர்வு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ஒரு ஜேசன் கோப்பு. அதில் ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் மூன்று விபரம்: கோப்பு எது, எந்த அடைவில் நின்று கொம்பைல் பண்ணவேண்டும், என்ன கட்டளை. இவ்வளவுதான். 2011இல் வந்த சிமேக் 2.8.5 இந்தக் கோப்பைத் தானே எழுதித்தரத் தொடங்கியது. இந்தக் கோப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத பழைய மேக் திட்டங்களுக்கு பெயார் என்ற கருவி வந்தது. அது கட்டுமானம் நடக்கும்போது பக்கத்தில் நின்று, கொம்பைலர் கூப்பிடப்படுகிற ஒவ்வொரு தடவையும் என்ன கட்டளை போகிறது என்று ஒட்டுக்கேட்டு எழுதிக்கொள்ளும். கேட்டால் சொல்லத் தெரியாத கிழவரின் கைவைத்தியத்தை, பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுகிற மாதிரி.

2016: பொது மொழி

எடிட்டர்கள் பத்து, நிரல் மொழிகள் இருபது என்று வையுங்கள். ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியைத் தனித்தனியாகக் கற்பிக்கவேண்டும் என்றால் 200 வேலை. நடுவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பொது மொழி இருந்தால் 30 வேலை போதும். தமிழில் கணினி பாவித்த ஆட்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. பாமினியில் ஒருவர், வேறொரு எழுத்துருவில் இன்னொருவர், ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு மாற்றி என்று அல்லாடிய காலத்தை யூனிகோட் முடித்து வைத்த கதைதான் இதுவும்.

2016 ஜூனில் மைக்ரோசொஃப்ட், ரெட் ஹட், கோடென்வி ஆகிய மூன்று கொம்பனிகளும் சேர்ந்து லாங்குவேஜ் சேர்வர் புரொட்டகோல் என்ற ஒப்பந்தத்தை அறிவித்தன. இனி மொழியை விளங்கிக்கொள்கிற வேலை தனியான ஒரு நிரலுக்கு. எடிட்டர் அதனிடம் கேட்கும்: இந்தச் சொல் எங்கே வரையறுக்கப்பட்டது? இந்த இடத்தில் என்ன எழுதலாம்? அது பதில் சொல்லும். மைக்ரோசொஃப்டின் விஎஸ் கோட் எடிட்டருக்காகச் செய்த வேலையில் இருந்துதான் இந்த யோசனை முதிர்ந்தது. அதற்கு முன்னோடியாக இருந்தவற்றுள் ஒன்று டைப்ஸ்கிரிப்ட் மொழியின் சேர்வர். டைப்ஸ்கிரிப்டின் தலைமை வடிவமைப்பாளர் யார் தெரியுமா? 1983இல் எடிட்டரையும் கொம்பைலரையும் ஒரே வீட்டுக்குள் குடியேற்றிய அதே ஹெய்ல்ஸ்பெர்க். மூன்று தசாப்தம் கழித்து, அவரின் இன்னொரு மொழி அந்த வீட்டின் சுவரை இடிப்பதற்குக் காரணமாகியது.

ஆனால் இந்த ஒப்பந்தம் ஒரு விடயத்தைத் தொடவில்லை: கட்டுமானம். மொழி சேர்வருக்கும் கோப்புகள் எவை, நூலகங்கள் எங்கே என்று தெரியவேண்டும்தானே? அதை யார் சொல்வது? பழைய இடைவெளி ஒழியவில்லை, ஓர் அடி தள்ளிப் போயிருந்தது.

கோ, ரஸ்ட் போன்ற புதிய மொழிகளுக்கு இது பெரிய தலையிடி அல்ல. மொழியோடு சேர்ந்தே பில்ட் கருவியும் வந்தது. ரஸ்டின் கார்கோவிடம் கேட்டால் திட்டத்தின் விபரம் முழுவதையும் ஜேசனாகத் தந்துவிடும். சிக்கல், ஒரே மொழிக்குப் பல பில்ட் கருவிகள் இருக்கிற இடங்களில்தான். ஸ்காலா மொழி அப்படியானது. 2018இல் ஸ்காலா சென்டரும் ஜெட்பிரெய்ன்ஸ் கொம்பனியும் பில்ட் சேர்வர் புரொட்டகோலை முன்வைத்தன. இங்கே கேள்விகள் வேறு: இந்தத் திட்டத்தில் எத்தனை பகுதிகள்? ஒவ்வொன்றின் மூலக்கோப்புகள் எவை? எது எதை நம்பியிருக்கிறது? இதைக் கட்டித் தா, பிழை இருந்தால் சொல். ஃபெல்ட்மன் மேக்ஃபைலுக்குள் எழுதச் சொன்ன அதே உறவுமுறைதான். இப்போது அதை எந்த எடிட்டரும் கேட்டறியலாம். 2020இல் ஸ்காலாவின் முக்கிய பில்ட் கருவியான எஸ்பிடியே இதைப் பேசத் தொடங்கியது.

சிமேக்கின் அனுபவம் வேறொரு பாடம். 2016இல் அது எடிட்டர்களோடு நேரடியாக உரையாடுகிற ஒரு சேர்வர் வழியைக் கொண்டுவந்தது. 2019இல் அதைவிட எளிய வழி வந்தது: எடிட்டர் தன் கேள்வியை ஒரு கோப்பாகப் போட்டுவைக்கும், சிமேக் அடுத்தமுறை ஓடும்போது பதிலைக் கோப்பாக எழுதிவைக்கும். கடிதப் போக்குவரத்து மாதிரி. 2021இல் பழைய சேர்வர் வழியையே நீக்கிவிட்டார்கள். வென்றது நவீனமாகத் தெரிந்த உரையாடல் அல்ல, கோப்பு.

யாருக்கு என்ன கிடைத்தது?

இந்த வரலாற்றில் மூன்று வழிகளைப் பார்த்தோம். ஒட்டுக்கேட்பது, ஒரே வீட்டுக்குள் வைப்பது, பொது மொழியில் பேசுவது. மூன்றாவது வந்த பிறகு சின்ன ஆட்களுக்கு இடம் கிடைத்தது. நாலைந்து பேர் சேர்ந்து உருவாக்குகிற ஒரு நிரல் மொழி, ஒரேயொரு சேர்வரை எழுதினால் எல்லா எடிட்டருக்குள்ளும் நுழையலாம். பழைய எடிட்டர்களும் சாகவில்லை. விம்மின் கிளையான நியோவிம் 2021இலும், ஈமாக்ஸ் 2023இலும் இந்தப் புரொட்டகோலைத் தங்களுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டன. எண்பதுகளில் எழுதத் தொடங்கிய ஓர் எடிட்டரால், நேற்று வந்த மொழியோடு இன்றைக்குப் பேசமுடிகிறது.

ஆனால் ஒப்பந்தம் பொதுவாக இருப்பதும் அதன்மேல் ஓடுகிற சேர்வர் பொதுவாக இருப்பதும் ஒன்றல்ல. மைக்ரோசொஃப்டின் சொந்த சி++ நீட்சியும் பைத்தனுக்கான பைலன்ஸும் அந்தக் கொம்பனியின் தயாரிப்புகளுக்குள் மட்டும்தான் பாவிக்கலாம் என்று அவற்றின் உரிமம் சொல்கிறது. வீட்டின் சுவரை இடித்தவர்களே வாசலில் ஒரு காவலாளியையும் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் கிளாங்டி போன்ற திறந்த சேர்வர்களும், பெயார் போன்ற சின்னக் கருவிகளும், அவற்றைப் பராமரிக்கிற ஆட்களும் முக்கியமாகிறார்கள். பிராம் மூலெனார் 2023இல் இறக்கும்வரை விம்மைப் பார்த்துக்கொண்டார். உகண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று அந்த எடிட்டரைத் திறக்கும்போது பல தடவைகளில் ஒரு வரி வரும்.

கருவிகள் நன்றாகப் பேசிக்கொள்ளும்போது அவற்றை நாங்கள் கவனிப்பதே இல்லை. புதிதாக நிரல் பழகுகிற ஒரு தங்கச்சி மடிகணினியைத் திறந்ததும் எல்லாம் சரியாக வேலை செய்தால், அதற்குப் பின்னால் இத்தனை வருடப் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவேண்டிய தேவையில்லை. சிவப்புக் கோடு வருகிற நாளில் தெரிந்திருந்தால் நல்லது. தனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை என்று அவள் முதலில் நினைப்பாள். உண்மையில் விளங்காமல் நிற்பது எடிட்டராக இருக்கலாம். கட்டுகிறவர் அதற்கு இன்னும் விபரம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.